என் மகள் ஏற்கெனவே ஆறாம் லெவல்

பெரிக்,
புதன்கிழமை

அன்பும் மரியாதையும் மிகுந்த எஃபி அக்காவுக்கு,

ஸ்காட்லாந்து எல்லைக்கு இந்தப் பக்கம் குடிவந்த நாள்முதல் இங்கிலாந்துக்காரனாகிவிட்டான் என்று நீ ஐமவுத் முழுக்கச் சொல்லித் திரியும் உன் தம்பி அலெக் எழுதிக்கொண்டது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? சர்ச்சில் பூ அலங்காரப் பொறுப்பு இன்னும் உன் கையில்தான் இருக்கிறதா? இங்கே என் பெண்டாட்டி மோரக்கும் எய்ல்சாவும் நானும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறோம். அதை நலம் என்று சொல்லலாமா என்பதை இதைப் படித்து முடித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள்.

எய்ல்சா என்ன படித்திருக்கிறாள், என்ன வேலைக்குப் போகப் போகிறாள், சர்ச்சுப் பெண்கள் துளைத்தெடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அவர்களுக்கு வேறு வேலை இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். என் மகளுக்கு டிஜிட்டல் மீடியாவில் வேலை வேண்டுமாம். அதாவது கடைக்காரனுக்கும் ஹோட்டல்காரனுக்கும் குட்டிக் குட்டியாய்ப் படம் எடுத்து, வெட்டி, ஒட்டி, கீழே நாலு வரி எழுதி, போனில் ஓடவிடுவது. நாற்பது வருஷம் படகு எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த எனக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்றுதான் தோன்றியது. ஆனால் அவள் எடுத்த படங்களைப் பார்த்தேன். ட்வீட் ஆற்றில் அன்னங்கள் இறங்குவதை எடுத்திருந்தாள். அரை நிமிஷம்தான், மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்தேன். சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது லெவலுக்கு வருகிறேன். ஜூலையில் மோரக்குக்கு இந்த ஊர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து நாங்கள் இங்கே வந்தோமா, வந்த வாரமே பக்கத்து வீட்டு நார்மன் பர்டி வேலிக்கு மேலே தலையை நீட்டினான். "எங்க பையன் காலேஜ்ல மூணாம் லெவல் முடிச்சிருக்கான். உங்க பொண்ணு?" என்றான். எய்ல்சாவின் ஸ்காட்லாந்துச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலம், ஓவியம், புகைப்படம் எல்லாம் நம் பள்ளிக்கூடத்தில் கடைசியாக எழுதும் ஹையர் தேர்வு, எல்லாம் ஆறாம் லெவல். அந்த மனுஷனைப் பார்க்கவே பாவமாக இருந்தது. "கவலைப்படாதே நார்மன், சில பிள்ளைங்க மெதுவாத்தான் ஏறும்" என்று தோளைத் தட்டி, நீ செய்து அனுப்பிய சர்க்கரை மிட்டாயில் பாதியைக் கொடுத்தேன். பாதியை, அக்கா! என் இரக்கத்துக்கு அளவே இல்லை.

அடுத்த வாரம் நூலகத்தில் வேலை வழிகாட்டி முகாம். பெரிய படம் மாட்டியிருந்தார்கள், ஏணி மாதிரி. டிஜிட்டல் மீடியாவுக்குப் போக வழிகள் பல என்று அங்கிருந்த அம்மையார் விளக்கினார். காலேஜில் இரண்டு வருஷம் உட்காரலாம். அப்ரண்டிஸாகச் சேர்ந்து வேலையும் படிப்பும் ஒன்றாகப் பார்க்கலாம். பல்கலைக்கழகத்தில் மூன்று வருஷம் செலவழித்துவிட்டு அதே வேலைக்கு வந்து வரிசையில் நிற்கலாம். ஒன்றுமே படிக்காமல், எடுத்த படங்களை மட்டும் காட்டியும் உள்ளே போகலாம். இந்தக் கடைசி வழியைச் சொல்லும்போது மட்டும் அம்மையார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். நான் எதையும் காதில் வாங்கவில்லை. என் கண் ஏணியில் இருந்தது. ஆறாம் லெவலுக்கு நேரே 'பட்டப்படிப்பு' என்று போட்டிருந்தது. என் மகள் பட்டதாரி! பள்ளிக்கூடத்துக்காரர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நாங்களும் ஒரு விருந்து வைக்கவில்லை. அன்றைக்குத்தான் உனக்குப் போன் செய்தேன். நீயும் சும்மா இராமல் சர்ச் அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டிவிட்டாய். அந்தக் காகிதத்தைக் கிழிக்க வேண்டியது உன் பொறுப்பு. ஏன் என்று சொல்கிறேன்.

போன வியாழக்கிழமை சமையலறைக் கணினியில் கால்பந்து முடிவு பார்க்கப் போனேன். எய்ல்சாவின் அஞ்சல் பெட்டி திறந்தே கிடந்தது. நான் படிக்கவில்லை, கண்ணில் பட்டது. மேரிகேட் தெருவில் மீன் சிப்ஸ் கடைக்கு மேலே ஹெஸ்டர் ரெனிசன் என்ற அம்மாள் டிஜிட்டல் மீடியா அலுவலகம் நடத்துகிறாள். அங்கே அப்ரண்டிஸ் இடம் ஒன்றே ஒன்று. எய்ல்சா விண்ணப்பித்திருக்கிறாள். அப்ரண்டிஸ் பயிற்சி என்ன லெவல் தெரியுமா? மூன்று! பெற்றவனுக்கு வயிறு எரியாதா? எரிந்தது. ஆறில் நிற்கும் பெண் மூன்றுக்கு இறங்குவதா, நார்மன் பையனுக்குப் பக்கத்திலா? அங்கேயே உட்கார்ந்து, அவள் பெட்டியிலிருந்தே, இரண்டு விரலால் தட்டினேன். 'அம்மணி, என் மகள் போன கோடையில் ஐமவுத் பள்ளியில் ஹையர் ஆங்கிலம், ஹையர் ஓவியம், ஹையர் புகைப்படம் தேறி ஆறாம் லெவல் அடைந்தவள். உங்கள் மூன்றாம் லெவல் அவளுக்குத் தேவையில்லை. ஏழாம் லெவலில் ஏதாவது இருந்தால் எழுதவும். இப்படிக்கு, தந்தை.' அனுப்பிவிட்டு டீ போட்டுக் குடித்தேன். அவ்வளவு ருசியாக டீ குடித்து வெகுநாள் ஆகியிருந்தது.

சனிக்கிழமை நார்மன் வேலியருகே வந்தான். முகமெல்லாம் பல்.

"அலெக், ஒரு விஷயம் தெரியுமா? எங்க பையன் எடின்பரோ காலேஜுக்கு எழுதிப் போட்டான். அங்கே என்ன சொல்றாங்கன்னா, இங்கத்து மூணுதான் அங்கத்து ஆறாம்!"

"எப்படி ஆகும்? மூணு மூணுதானே?"

"உங்க ஸ்காட்லாந்து ஏணியில பன்னெண்டு படி, எங்க இங்கிலாந்து ஏணியில எட்டு. உசரம் ஒண்ணுதான்யா. உன் பொண்ணும் என் பையனும் ஒரே படியிலதான் நிக்கிறாங்க."

கேட்டாயா? எல்லைப் பலகை இங்கிருந்து மூன்று மைல். அவன் பையன் வடக்கே நடந்தால் மைலுக்கு ஒரு லெவல் ஏறுகிறான், என் பெண் தெற்கே வந்தால் மைலுக்கு ஒரு லெவல் இறங்குகிறாள். ஒரே அரசர், ஒரே மழை, இரண்டு ஏணி. இதை வடிவமைத்த மேதைகள் எந்த லெவல் என்று யாராவது கேட்டுச் சொன்னால் தேவலை. போகும்போது அந்த நார்மன் என் தோளைத் தட்டி, "கவலைப்படாதே அலெக்" என்றான்.

திங்கட்கிழமை ஹெஸ்டர் அம்மாள் காலில் விழவாவது செய்யலாம் என்று மேரிகேட் போனேன். மாடிப்படியில் பாதி ஏறியதும் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. என் கடிதத்தைப் படித்துத்தான் சிரிக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தது. கீழே இறங்கி மீனும் சிப்ஸும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் நாற்பது வருஷம் வடகடலைப் பார்த்தவன், அக்கா. அந்தப் பதினாலு படியை ஏற முடியவில்லை.

இதில் கொடுமை எய்ல்சாதான். தினமும் காலையில் கஞ்சியை முன்னால் வைத்துக்கொண்டு, "இன்னிக்காவது பதில் வருமாப்பா?" என்று கேட்கிறாள். நான் உப்பைத் தேடுகிறேன். அவளுக்கு வேறு எந்த வேலையும் வேண்டாம், அது ஒன்றுதான் வேண்டும். அதை நான் கெடுத்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, தூங்கவும் முடியவில்லை. மோரக்கிடம் சொன்னால் என்னை ஐமவுத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவாள்.

அதனால் ஒரு உதவி. ஞாயிற்றுக்கிழமை எய்ல்சா உன் வீட்டுக்குச் சாப்பிட வருகிறாள். நீயே சொல்லிவிடு. நீ சொன்னால் கேட்டுக்கொள்வாள், உன் வீட்டில் கத்தவும் மாட்டாள். சொல்லும்போது, அப்பன் கெட்டவன் இல்லை, முட்டாள் என்று கொஞ்சம் அழுத்திச் சொல். இதைப் போனில் கேட்டிருக்கலாம். நீ நடுவில் சிரிப்பாய்.

உன் முழங்காலும் பூனையும் சௌகரியமாக இருக்கட்டும். சர்ச்சுப் பெண்களுக்கு என் வணக்கத்தைச் சொல், லெவலைச் சொல்லாதே. இனி எந்தப் பிள்ளையின் படிப்பிலும் மூக்கை நுழைப்பதில்லை என்று கடவுள் சாட்சியாக உறுதி கூறும்,

உன் அன்புத் தம்பி,
அலெக் விண்ட்ரம்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் எய்ல்சாவிடம் சொல்லாதே. தபால்தலை ஒட்டிக்கொண்டிருந்தேன், அவள் வந்து போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஹெஸ்டர் அம்மாளின் பதில். விண்ணப்பத்தில் 'உங்கள் லெவல்' என்ற கட்டத்தில் எய்ல்சாவும் ஆறு என்றே போட்டிருந்தாளாம். இந்த ஊர் ஏணியில் ஆறு என்றால் பட்டமல்லவா, பட்டதாரிப் பெண் இங்கே நாலு மாசம்கூடத் தங்கமாட்டாள் என்று அதை ஓரமாய் ஒதுக்கி வைத்திருந்தார்களாம். 'தந்தையார் தேர்வுகளின் பெயரை எழுதியதால்தான் நீங்கள் பட்டதாரி இல்லை, பள்ளி முடித்தவர்தான் என்று தெரிந்தது. திங்கட்கிழமை வேலைக்கு வரவும்.'

"நீ எழுதினது எனக்கு எப்படித் தெரியும்னு கேக்க மாட்டியாப்பா?" என்றாள்.

"எப்படி?"

"என் பெட்டியிலேருந்துதானே அனுப்பினே? அன்னிக்கே பார்த்துட்டேன். அப்பா எழுதினதை விட்டுடுங்க, எனக்கு இந்த வேலை வேணும்னு அவங்களுக்கு அப்பவே எழுதிப் போட்டேன். நீ எப்ப வாயைத் திறப்பேன்னுதான் ஆறு நாளா உட்கார்ந்திருந்தேன். இப்ப சொல்லு."

சொன்னேன், அக்கா. இதில் நாலு பக்கம் எழுதியிருக்கிறேன், வாயில் "மன்னிச்சுடும்மா" மட்டும்தான் வந்தது. என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அவள் மாடிக்குப் போனதும் கணினியைத் திறந்தேன். சத்தியமாக ஹெஸ்டர் அம்மாளுக்கு நன்றி சொல்லத்தான். கூடவே, நாலாம் லெவல் எப்போது தருவீர்கள் என்று ஒரே ஒரு வரி கேட்கலாம் என்றும் இருந்தேன். கடவுச்சொல்லை மாற்றிவிட்டாள்.