பொன்னிறத்துக்கு முன்னால் இறக்கிய வெங்காயம்

ஒரு குடும்பத்தைக் கவிழ்க்க சோம்பேறியால் முடியாது. அதற்கு ஒழுங்கான ஆள் வேண்டும். இருபத்தாறு வருடமாக ஒருநாள் விடாமல் டைரி எழுதுகிறவன், கடைச் சாவியை எந்த ஆணியில் மாட்டினேன் என்பதைக்கூடக் குறித்து வைப்பவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

எனக்குக் கம்பத்தில் பெயிண்ட் கடை. ஐம்பத்தொரு வயதில் சர்க்கரை வந்தது. (வந்து பல வருடமாக உள்ளே உட்கார்ந்திருந்தது. அன்றைக்குத்தான் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தது.) தேனியில் ஒரு டாக்டரம்மா, பொறுமைசாலி, என் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு விளக்கினார். ரத்தத்தில் கூடுதலாக ஓடும் சர்க்கரை சும்மா ஓடாதாம், உடம்பின் புரதங்களில் போய் ஒட்டுமாம். ஒட்டியது நாளாக ஆக நிறம் மாறி, இறுகி, பிரிக்க முடியாத பிசினாகிவிடும். ரத்தக் குழாய் விறைக்கும், கண்ணின் வில்லை மங்கும், சிறுநீரகத்தின் சல்லடை கெடும், காலில் உணர்ச்சி போகும்.

"வெங்காயம் வறுத்தா செவக்குதில்ல? அதே மாதிரி வேலைதான் உள்ளேயும் நடக்குது. அடுப்புல பத்து நிமிஷம், ஒடம்புல பத்து வருஷம்" என்றார்.

வறுத்தது, பொரித்ததைக் குறைக்கச் சொல்லி ஒரு வரி சொன்னார். இனிப்பு, சோறு, நடை, மாத்திரை பற்றிப் பத்து வரி சொன்னார். அந்தப் பத்து வரியின்போது நான் அங்கே இல்லை. ஜன்னலுக்கு வெளியே மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே என் உடம்புக்குள் போய்விட்டிருந்தேன். அது எங்கள் பள்ளத்தாக்கைப் போலவே இருந்தது. வாய்க்கால்கள், மடைகள், கண்ணுக்கெட்டும் வரை வயல். வாய்க்காலில் மட்டும் தண்ணீருக்குப் பதில் பாகு. அது நகர்வதே தெரியாமல் நகர்ந்தது. கரைகள் சத்தமில்லாமல் பழுப்பேறிக்கொண்டிருந்தன. பார்க்க அழகாக இருந்தது என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

திரும்பி வந்த பஸ்ஸில் சாயங்கால வெயில்கூட வறுபட்ட நிறத்தில் என் முழங்கையில் விழுந்தது. கையை இழுத்துக்கொண்டேன். அன்றைய டைரிக் குறிப்பு: 'இன்று முதல் பழுப்பு இல்லை.'

வேறு ஒருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். எனக்குத் தொழிலே நிறம். கடையில் விசிறிபோல விரியும் வண்ண அட்டை ஒன்று உண்டு. அதில் சந்தனத்திலிருந்து தேக்கு வரை பதினேழு பழுப்புகள். நாலாவதுக்குக் கீழே பேனாவால் கோடு போட்டேன். அதைவிட அடர்ந்த எதுவும் என் வாய்க்குள் போகாது. தோசை, அப்பளம், வடை எல்லாவற்றையும் அட்டையோடு ஒட்டிப் பார்த்துத்தான் சாப்பிட்டேன். பால் பாயாசம் வெள்ளை, எனவே அனுமதி. பன்னீர்த் திராட்சை கறுப்பு. கறுப்பு வேறு, பழுப்பு வேறு. அனுமதி.

"இத சுவத்துக்கு அடிக்கப் போறீகளா, திங்கப் போறீகளா?" என்று கேட்டாள் என் மனைவி மைமூன்.

விஷயம் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். மூன்று வாரத்தில் மகள் சபானாவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீடு தேவதானப்பட்டி, நல்ல குடும்பம், பையனைச் சபானாவுக்குப் பிடித்திருந்தது. அத்தாவுக்குச் சர்க்கரை என்றால் மகளுக்கும் நாளைக்கு வரும் என்று பின்வாங்கிவிடுவார்களோ என்று மறைத்துவிட்டோம்.

நிச்சயத்தன்று சாப்பாட்டுப் பொறுப்பு என்னுடையது. காலை ஏழு ஐந்துக்கு பிரியாணி சமைக்க வந்த சிக்கந்தர் மாஸ்டர் கொல்லையில் அடுப்பு மூட்டினார். பனி, விறகுப் புகை, தேக்சாப் பாத்திரத்தின் ஆவி, எங்கிருந்தோ ரோஜா வாசனை எல்லாம் கலந்து தரை தெரியவில்லை. மேகத்துக்குள் நிற்பதுபோல அட்டையோடு நின்றேன். அறுபது பேர் சாப்பிடப்போகிறார்கள். நூற்றிருபது கண்கள், நூற்றிருபது சிறுநீரகங்கள் என் பொறுப்பில்.

"மாஸ்டர், வெங்காயத்த எறக்குங்க."

"இப்பத்தான பாய் வதங்குது."

"நாலாம் நம்பரு வந்துருச்சு."

மாஸ்டர் கரண்டியை நிறுத்தி அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாப்பது வருசமா வெங்காயம் வறுக்குறேன். அதுக்கு நம்பரு இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியும்" என்றார்.

பொரித்த கோழியையும் ரத்துசெய்து, எலுமிச்சம்பழம் பிழிந்து ஆவியில் வேகவைக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் நான் சொன்னபடியே செய்து முடித்துவிட்டு, முருங்கை மரத்தடியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

மதியம் பிரியாணி விரிப்புக்கு வந்தது. வெள்ளைவெளேரென்று, துவைத்து உலர்த்தியது போல. பக்கத்தில் கோழியும் அதே வெண்மை. அறுபது பேரும் பேச்சில்லாமல் சாப்பிட்டார்கள். அந்த அமைதியை நான் பக்தி என்று எடுத்துக்கொண்டேன். கண்ணை லேசாக மூடினால், அறுபது பேரின் வாய்க்கால்களிலும் தெளிந்த தண்ணீர் சலசலத்தது. யாரும் எனக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை என்று பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டேன்.

பெண்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா ஒரு கவளத்தைப் பிசைந்து நிறுத்திவிட்டு, மைமூனிடம் தணிந்த குரலில் கேட்டிருக்கிறார்: "வீட்டுல யாருக்கு மேலுக்கு முடியல? பத்தியச் சோறு ஆக்கியிருக்கீக. பொண்ணுக்கா?"

மைமூன் பதில் சொல்லத் தடுமாறியதுதான் தாமதம். தால்ச்சா பரிமாறும் வாளி ஒரு வரிசையைத் தாண்டுவதற்குள் சேதி ஆண்கள் பக்கம் வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அத்தா கையைக் கழுவினார்.

"எதுவா இருந்தாலும் சொல்லீருங்க. மறைச்சுக் கட்டிக் குடுக்குறது ரெண்டு வீட்டுக்கும் நல்லதில்ல."

கதவோரம் சபானா நின்றிருந்தாள். அவள் முகம் போன நிறம் என் அட்டையில் இல்லை. என் கனவு அந்த இடத்தில் அறுந்தது.

"எனக்குத்தான். சர்க்கரை" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒழுங்கான ஆளாயிற்றே. புரதத்தில் ஆரம்பித்து, பிசின், வாய்க்கால், பதினேழு பழுப்பு, நாலாவதில் போட்ட கோடு வரை வரிசை பிசகாமல் சொன்னேன். சொல்லி முடித்தபோதுதான் என் கையில் ஒரு குவளை இருப்பதே எனக்குத் தெரிந்தது.

மாப்பிள்ளையின் அத்தா அதை எட்டிப் பார்த்தார்.

"பாயாசமா?"

"ஆமா."

"எத்தனாவது?"

"மூணாவது."

"இது எந்த நம்பரு?"

"வெள்ளைக்கு நம்பரு கெடையாது."

குவளையை என் கையிலிருந்து மெதுவாக வாங்கித் தள்ளி வைத்தார். பிறகு, வந்ததிலிருந்து கழற்றாமல் இருந்த இடதுகால் சாக்ஸைக் கழற்றினார். இரண்டு விரல்கள் இல்லை.

"எனக்குப் பதினெட்டு வருசமாச்சு. முள்ளு ஏறினது தெரியல. சலம் வச்சப்பறம்தான் பார்த்தேன். இந்த வெரல வறுத்த வெங்காயம் எடுக்கல, சம்மந்தி. ரத்தத்துல நானா ஏத்திக்கிட்ட சீனி எடுத்துச்சு. ஒங்ககிட்டச் சொன்னா பொண்ணு தரமாட்டீகன்னு நாங்களும்தான் சொல்லல."

யாருக்கும் யாரையும் பார்க்கத் தைரியமில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மாதான் பேசினார்: "அப்ப கணக்குச் சரியாப் போச்சு. புள்ளைக ரெண்டும் வருசா வருசம் டெஸ்ட் எடுக்கட்டும். இப்ப யாராவது போயி அந்த மனுசன வெங்காயம் வறுக்கச் சொல்லுங்க. மரத்தடியில அழுதுட்டு இருக்காரு."

மாஸ்டர் வறுத்தார். பதினோராம் நம்பர். (ஓரக்கண்ணால் பார்த்தேன்.) வெள்ளைச் சோற்றின்மேல் அதைத் தூவியதும் வீட்டில் பேச்சு திரும்பி வந்தது. நிச்சயம் நடந்தது, கல்யாணமும் நடந்தது.

இப்போது நானும் சம்பந்தியும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒன்றாகத் தேனிக்குப் போய் ரத்தம் கொடுத்து வருகிறோம். என் அளவு இறங்கியிருக்கிறது. இனிப்பு, சோறு, நடை, மாத்திரை என்று அந்தப் பத்து வரியையும் டாக்டரம்மாவிடம் மறுபடி கேட்டு எழுதிக்கொண்டேன்.

சிக்கந்தர் மாஸ்டர்தான் இன்னும் தேறவில்லை. கம்பத்திலிருந்து சின்னமனூர் வரை யார் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டாலும், எத்தனை பேருக்கு, எத்தனை கிலோ என்று கேட்பதற்கு முன்னால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "பெயிண்ட் கடை பாய் ஒங்களுக்குச் சொந்தமா?" என்பதுதான். சொந்தம் என்றால் வர மாட்டார். போன மாதம் உத்தமபாளையத்தில் தன் வீட்டு விசேஷத்துக்கு அவரைக் கூப்பிட்ட என் கூடப் பிறந்த தம்பி, "அவரு யாருன்னே தெரியாது" என்று சொல்லியிருக்கிறான்.

பிரியாணி நன்றாக இருந்தது.