மானிட்டர் காணாத வெள்ளம்

ஆறு என்பது கரையில் நின்று பார்க்க வேண்டியது என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், அதை ஏர்கோனுக்கு அடியில் உட்கார்ந்து, கோப்பி குடித்தபடியே பார்க்கலாம் என்று மனித குலத்துக்கு எடுத்துக்காட்டிய பெருமை, சிகாமட் ஆற்றோரத் தாமான் குடியிருப்பின் 'வெள்ள முன்னெச்சரிக்கை உயர்நிலைக் குழு'வையே சேரும். பாலத்தடியில் ஓர் இரும்புத் தூண், அதன் உச்சியில் ஒரு கேமரா. மேட்டில் இருக்கும் கடை வரிசையின் மாடியில் குழுவின் அலுவலகம். அலுவலகத்தில் ஓர் அகன்ற மானிட்டர். அதற்கு மாலை போட்டு, குத்துவிளக்கேற்றித் திறப்பு விழா நடத்தினார்கள். விழாவுக்குப் பிறகு அதைப் போட்டுப் பார்க்கும் தேவை எழவில்லை. ஆறும் ஒத்துழைத்தது.

கமலநாதன்தான் குழுவின் 'தொழில்நுட்பப் பிரிவுத் தலைவர்'. கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஒருமுறை குழுத் தலைவர் ராஜசேகரனின் கைப்பேசியில் தமிழ் எழுத்தை வரவழைத்துக் கொடுத்தார். அதற்கு மேல் தகுதி எதுவும் கேட்கப்படவில்லை. அவருடைய வீடும் ஆற்றோரத்தில்தான். ஆகவே அவர் குழுவில் 'பாதிக்கப்படுவோர் பிரதிநிதி'யும்கூட.

மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலைப் பொழுதில் குழு அவசரமாகக் கூடியது. ராஜசேகரன் நாற்காலியைச் சரிசெய்துகொண்டு, "கமலநாதன், ஆத்தப் போடுங்க" என்றார்.

கமலநாதன் பொத்தானை அழுத்தினார். மானிட்டர் கறுப்பாக இருந்தது. மறுபடி அழுத்தினார். அதே கறுப்பு, கொஞ்சம் பிடிவாதமாக.

"ராத்திரி நேரத்து ஆறா இருக்குமோ?" என்றார் தலைவர்.

"இப்ப காலைதாங்க."

"அப்ப பிரைட்னஸ் கம்மி. ஏத்துங்க."

பிரைட்னஸ் ஏற்றப்பட்டது. முன்பு மங்கலான கறுப்பாகத் தெரிந்தது இப்போது தெளிவான கறுப்பாகத் தெரிவதாகத் தலைவர் கருதினார். கணினியை நிறுத்திப் போட்டார்கள். மானிட்டரின் முதுகைத் தட்டினார்கள். அது சூடாகியிருக்கலாம் என்று ஏர்கோனைக் கூட்டினார்கள். பிறகு, பழுதின் தன்மையை ஆராய ஒரு துணைக் குழு அமைக்கப்பட்டது. அறையில் இருந்ததே மூன்று பேர் என்பதால் மூவரும் அதில் இடம் பெற்றனர்.

மூன்றாமவர் நைனா முகம்மது. கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், குழுவின் 'தேநீர் ஒருங்கிணைப்பாளர்'. மானிட்டரில் வெளிச்சம் படக் கூடாது என்று ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டிருந்தார்கள். அவர் அதைப் பார்த்துக் கேட்டார்: "இந்தத் திரைய விலக்கினா ஆறு தெரியுமே லா?"

எந்தத் திரையில் ஆற்றைப் பார்ப்பது என்பதில்தான் குழுவின் முதல் கருத்து வேறுபாடு எழுந்தது. தலைவர் அதை உடனே தீர்த்து வைத்தார். "ஜன்னல்ல பார்த்தா அது வேடிக்கை, பாய். மானிட்டர்ல பார்த்தாதான் கண்காணிப்பு."

கமலநாதனுக்கு உடல் புல்லரித்தது. அப்போது மனைவி புஷ்பவள்ளி கூப்பிட்டாள்.

"என்னங்க, தண்ணி வாசல் கேட்டு வரைக்கும் வந்துருச்சு. மூட்டையெல்லாம் கட்டிட்டோம். பக்கத்து வீட்டுக் கருப்பாயி அக்காவுக்குத்தான் முட்டி வலி, நடக்க முடியல. வேன்ல ஏத்திக்கிட்டு மேட்டுக்குப் போயிரவா?"

"கொஞ்சம் பொறு புஷ்பா. மானிட்டர் இன்னும் ஆன் ஆகல."

"மானிட்டர் ஆன் ஆகலன்னா தண்ணி நின்னுருமா?"

"அதிகாரபூர்வமா எதுவும் வரலன்னு சொல்றேன்." அவர் போனை வைத்தார். தன் குரலில் இருந்த கம்பீரம் அவருக்கே பிடித்திருந்தது.

பழுது கடைசியில் பிடிபட்டது. கோப்பை அலமாரியை நகர்த்தியபோது, மானிட்டரின் வயர் தரையில் அனாதையாகக் கிடந்தது. திறப்பு விழாவில் தலைவர் உரையாற்ற மைக்குக்கு பிளக் தேவைப்பட்டது. அதற்காகப் பிடுங்கியதை யாரும் திரும்பச் செருகவில்லை. கமலநாதன் செருகினார். பச்சை விளக்கு மின்னியது. மூவரும் கை தட்டினார்கள். நீலத் திரையின் நடுவில் இரண்டே சொற்கள் வந்து நின்றன: 'நோ சிக்னல்'.

"அப்படின்னா?" என்றார் நைனா முகம்மது.

கமலநாதன் வாயைத் திறப்பதற்குள் தலைவர் விளக்கம் தந்தார். "சிக்னல் இல்ல. ஆபத்துக்கான சிக்னல் எதுவும் இல்ல. இதுக்குத்தான் சார் டெக்னாலஜி வேணுங்கிறது!"

கேமராவிலிருந்து படம் வரவில்லை என்றுதான் அதற்குப் பொருள் என்று கமலநாதனுக்குள் ஏதோ ஒன்று முனகியது. ஆனால் தலைவர் ஏற்கெனவே அவர் தோளைத் தட்டி, "நீங்களே அறிவிச்சிருங்க, உங்க பேர்லயே" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெருமைக்கு முன்னால் முனகல் அடங்கிப் போனது. தாமான் வாட்ஸ்அப் குழுவில் அவர் தட்டினார்: 'ஆற்றில் ஆபத்து அறிகுறி இல்லை. யாரும் பதற வேண்டாம். தொழில்நுட்பப் பிரிவு.'

கட்டைவிரல்கள் குவிந்தன. தேநீர் வந்தது. இரண்டாவது சுற்று வருவதற்குள் விளக்கு அணைந்தது, ஏர்கோன் நின்றது, மானிட்டர் மீண்டும் கறுத்தது.

இருட்டில் வேறு வழியில்லாமல் கமலநாதன் ஜன்னல் திரையை இழுத்தார். பாலத்தடியில் தூணும் இல்லை, கேமராவும் இல்லை. மேட்டடியில் இருந்த கார் நிறுத்துமிடத்தில் ஆறு நின்றுகொண்டிருந்தது.

"அலமாக்!" என்றார் நைனா முகம்மது.

கமலநாதன் படியிறங்கி, மேட்டை விட்டு வீட்டுப் பக்கம் ஓடினார். முட்டியளவு, இடுப்பளவு, பிறகு நெஞ்சளவு. அதற்கு மேல் கால் பாவவில்லை. பொம்பா தீயணைப்புப் படையின் படகுதான் அவரைச் சட்டையைப் பிடித்துத் தூக்கிப் போட்டது. வீட்டுச் சமையலறை மேடை மேல், கருப்பாயியைத் தோளோடு அணைத்துப் பிடித்தபடி புஷ்பவள்ளி நின்றிருந்தாள். தண்ணீர் கருப்பாயியின் கழுத்தில் இருந்தது. கருப்பாயியைப் படகில் ஏற்றிவிட்டு, கணவன் நீட்டிய கையைப் பிடிக்காமல் புஷ்பவள்ளி தானாகவே ஏறிக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது கமலநாதனுக்கு.

பள்ளி மண்டபத்து நிவாரண மையத்தில், ஈரப் பாய்களுக்கு நடுவே ராஜசேகரன் எழுந்து பேசினார். "ஒரு உயிர்ச்சேதமும் இல்ல. இது நம்ம குழுவோட வெற்றி. அடுத்த வருஷம் இதவிடப் பெரிய மானிட்டர் வாங்கறோம்!"

புஷ்பவள்ளி எழுந்தாள்.

"தலைவரே, அக்காவ வேன்ல ஏத்தியாச்சு. எஞ்சின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அப்பதான் உங்க மெசேஜ் வந்துச்சு. எங்க வீட்டுக்காரர் பேரப் பார்த்துத்தான், நம்பி, அக்காவத் திரும்ப இறக்கிப் படுக்க வச்சேன்."

கமலநாதன் தலையைத் தூக்கவில்லை. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இதைக் 'கருத்தில் கொள்வதாக' அறிவித்தார்.

எப்படியானாலும் குழுவின் சேவையை நாம் மறக்கக் கூடாது. அது மட்டும் இல்லாதிருந்தால் ஆற்றோரத் தாமான் மக்கள் என்ன செய்திருப்பார்கள்? வழக்கம்போல வெளியே வந்து ஆற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கால்கூட நனையாமல் மேட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.