தெர்மாகோலும் ஒரு தட்டு வடகமும்

பிள்ளையார்பாளையத்துல பட்டு நெய்யறவன் ஆயிரம் பேரு. கூரைக்கு அடியில தெர்மாகோல் ஒட்டி வூட்டையே ஊட்டியா ஆக்குனவன் தான் ஒருத்தன்தான்னு சிட்டிபாபுவுக்கு நெனப்பு.

“இன்னா ஜில்லுனு இருக்குது பாத்தியா?”ன்னான். பனியன் முதுவோட ஒட்டிக்கினு கெடக்குது.

“ஸ்வெட்டர் எடுத்தாரட்டா?” பொண்டாட்டி கிரேஸு முந்தானையால விசிறிக்கினே கேட்டா. “எங்கண்ணன் ஜான்சன் மாடில கூலிங் டைல்ஸ் ஒட்டித் தரேன்னு வந்துச்சி. வெரட்டி வுட்ட.”

“வாலாஜாபாத்லேர்ந்து வந்து எனக்கு புத்தி சொல்வானா?”

“சரிய்யா, சோதிச்சிடலாம்.”

ஒரு தட்டு கூழ் வடகத்த மாடி வெயில்ல வெச்சா. இன்னொரு தட்ட துணி போட்டு மூடி கூடத்துல வெச்சா.

“மூணு மணிக்குள்ள இதுவும் காஞ்சிடுச்சின்னா, வூடும் மொட்டை மாடியும் ஒண்ணு. எங்கண்ணனுக்கு நீயே போன் போட்டு மன்னிப்பு கேக்கணும்.”

“காயலன்னா?”

“ஜென்மத்துக்கும் டைல்ஸ் பேச்சே எடுக்க மாட்டேன். துணிய மட்டும் தொறக்காத, ஈ மொய்க்கும்.”

சொல்லிட்டு பக்கத்து வூட்டு கிருஷ்ணவேணி கிட்ட போயிட்டா.

சிட்டிபாபுவுக்கு வேர்த்து ஊத்துது. தெர்மாகோலே வளைஞ்சி தொங்குது. மச்சான் கிட்ட மன்னிப்பா? தறிக்குப் போற பாவு நூல தெருவுல நீட்டி கஞ்சி தெளிச்ச கை சும்மா இருக்குமா? சொம்புல தண்ணி மொண்டான். துணி மேலயே தெளிச்சான். அரை மணிக்கு ஒரு வாட்டி. நாணயமான மனுசன், துணிய மட்டும் தொறக்கவே இல்ல.

மூணு மணிக்கு கிரேஸு, கிருஷ்ணவேணிய சாட்சிக்கு கூட்டிக்கினு வந்தா. துணிய எடுத்தா. வடகம் சொதசொதன்னு கெடக்குது.

“பாத்தியாடி! என் வூடு ஃப்ரிட்ஜு!” குதிச்சான்.

கிரேஸு அவன பாக்கவே இல்ல. “யக்கா, இது போன வாரமே காஞ்சி டப்பால இருந்த வடகம். காலையில கலகலன்னு தட்டுல கொட்டுனேன், நீ பாத்த இல்ல?”

“பாத்தேனே! இப்ப அதுக்கும் வேர்த்துக்கிச்சா?”

சொம்பு இன்னும் சிட்டிபாபு கையிலதான். முதுவுக்கு பின்னால ஒளிச்சான், தண்ணி தளும்பி லுங்கி நனைஞ்சிச்சி. பொண்டாட்டி மட்டும் பாத்தா பரவால்ல. கிருஷ்ணவேணி பாத்துட்டா, பொழுது சாயறதுக்குள்ள தறிக்கு தறி சேதி போயிடும். தலைய தொங்கப் போட்டுக்கினு போன் போட்டான்.

“மச்சான்... அன்னிக்கி நான் பேசுனது தப்புதான். அந்த டைல்ஸு...”

“அய்யம்பேட்டை தாண்டிட்டோம் மாப்ள. கிரேஸு காலையிலயே டைல்ஸ வண்டில ஏத்தச் சொல்லிச்சி.”