கதிர்ப் பெட்டிக்கு ஒரு மூட்டை உப்பு

"அந்தப் பெட்டியில சூடு பண்ண சோறு எனக்கு வேணாம்!" என்று தட்டைத் தள்ளினார் ஆதிமூலம்.

மரக்காணத்தில் அவருடைய உப்பளத்து உப்பு ஊர் ஊராகப் போகிறது. அவர் தட்டில் மட்டும் ஒரு கல் உப்பு கூடாது. போன மாதம் பாத்தி வரப்பில் மயங்கி விழுந்தாரே, அன்றைக்கே டாக்டர் கண்டிஷனாகச் சொல்லிவிட்டார்: பி.பி. எகிறிக் கிடக்கிறது, இனி ஊறுகாய், கருவாடு தொட்டால் ஆள் மிஞ்சமாட்டார். மனைவி ரேணுகா இரண்டையும் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். மனுஷன் பூட்டை உடைத்துத் தின்றார். அப்புறம் எங்கே ஒளித்தாளோ, அரிசி டிரம், பீரோ, பரண் என்று துழாவியும் கிடைக்கவில்லை.

அந்த வாரம்தான் மைக்ரோவேவ் வந்தது. சீட்டுக் குலுக்கலில் விழுந்ததாம். மைக்ரோவேவ் ஆபத்து என்று வாட்ஸ்அப்பில் ஊருக்கே எச்சரிக்கை அனுப்பிக்கொண்டிருந்தவர் வீட்டிலேயே!

"கேன்சர் வரும்டி!"

"கதவு மூடியிருந்தா கதிர் வெளிய வராதுங்க. தொறந்தாதான்..." என்று இழுத்தாள் ரேணுகா. "நான் சூடு பண்றப்போ நீங்க தெருவுல நில்லுங்க."

நின்றார். உச்சி வெயிலில் நின்றதில் தலை சுற்றியது. கதிர்தான், சந்தேகமே இல்லை!

திருஷ்டிக்கே உப்பைச் சுற்றிப் போடுகிறோம், கதிர் எம்மாத்திரம்? அளத்திலிருந்து ஒரு மூட்டை கல்லுப்பு கொண்டுவந்து பெட்டியைச் சுற்றிக் குவித்தார். கடற்காற்றில் உப்பு கசிந்து, சாயங்காலத்துக்குள் சமையலறை முழுக்க ஈரம். உள்ளே கால் வைத்தவர் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

அதற்கும் அசரவில்லை. மழைக்கு உப்புக் குவியலை மூடுகிற தார்ப்பாயைக் கொண்டுவந்து இறுக்கிக் கட்டினார். பெட்டியோடு சேர்ந்து அடுப்பும் தார்ப்பாய்க்குள் போய்விட்டது. அன்றைக்குச் சமையலே இல்லை.

"பன்னு தின்னுங்க" என்றாள் ரேணுகா.

இடுப்பு வலி ஒரு பக்கம், பசி ஒரு பக்கம். கடைத்தெருவில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சுரேஷுக்குப் போன் போட்டார். "டேய், உடனே வா. இந்த சனியன தூக்கினு போயிடு. காசே வேணாம்!"

சுரேஷ் வந்து தார்ப்பாயை அவிழ்க்கவும் ரேணுகா பதறி ஓடிவந்தாள். "வுட்டுடுப்பா, அது இருக்கட்டும்!"

"இருந்தா நான் செத்துடுவேன்டி!"

"போனாதாங்க செத்துடுவீங்க!" அவள் கண் கலங்கிவிட்டது. ஆதிமூலத்துக்கு ஒன்றும் புரியவில்லை.

சுரேஷ் பெட்டியின் கதவில் கை வைத்தான்.

"தொறக்காதடா, கதிரு!" இடுப்பு வலியை மறந்து வாசலுக்குப் பாய்ந்தார் ஆதிமூலம்.

சுரேஷ் சிரித்தபடியே திறந்தான். "தொறந்தா எந்த மைக்ரோவேவும் தானா நின்னுடும்ணே. இதுல நிக்கறதுக்கு மெஷினே இல்ல, எங்க கடையில செத்துப்போன பெட்டி. 'பூட்டு வச்சா உடைச்சிடுறாரு சுரேஷு, இதுன்னா கிட்டயே வரமாட்டாரு'ன்னு ஊறுகா ஜாடி வைக்க அக்காதான் வாங்கினு போனாங்க!"