மேனேஜருக்கு வயிறு சரியில்லை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. அப்படியே தொடங்கியதாக வைத்துக்கொள். யார் யார் எந்த அளவுக்கு நலம் என்பது போகப்போகத் தெரியும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் வணக்கம். குழந்தைக்கு முத்தம்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் வாயைத் திறந்ததும் குழந்தை அழுகிறது. அல்லது தும்முகிறது. உடனே பேச்சு அந்தப் பக்கம் போய்விடுகிறது. அதனால் கடிதம்.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகும்போது நீ இங்கே விட்டுவிட்டுப் போன பூனை மேனேஜர் நான்கு குட்டி போட்டது உனக்குத் தெரியும். மாமா படம் அனுப்பினார். மூன்று தாயைப் போலச் சாம்பல் நிறம், ஒன்று யாரைப் போலவோ மஞ்சள். உனக்குத் தெரியாதது என்னவென்றால், அந்தப் படம் எடுத்த மறுநாளே மேனேஜருக்கு வயிறு போகத் தொடங்கியது. பிறகு வாந்தி. பிறகு பால் வற்ற ஆரம்பித்தது. கண்ணே திறக்காத நான்கு உயிர்கள் பெட்டிக்குள் கத்திக்கொண்டிருந்தன. இந்த நிலையில்தான் நீ போன் செய்தாய். "பூனை எப்படி இருக்கு?" என்றாய். "ஜம்முனு இருக்கு" என்றார் மாமா. போனை வைத்துவிட்டு என்னிடம், "பெத்த உடம்பு மாப்ள. உங்க அக்காகிட்ட எதையும் சொல்லிடாதே" என்றார். அந்த நேரத்தில் இன்னொரு பெற்ற உடம்பு அவருடைய இஸ்திரி போட்ட கால்சட்டையின் மேல் தன் நிலைமையைத் தெரிவித்துக்கொண்டிருந்தது.

பிரசவம் நடந்த இடம், என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல். துணிக்கூடையில் போர்வை விரித்து நீ தயார் செய்துவிட்டுத்தான் போனாய். மேனேஜர் அதைச் சுற்றி வந்தாள், முகர்ந்தாள், நிராகரித்தாள். என் மேசைக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டிக்குள் இறங்கி, திருத்திய தாள்களின்மேல் படுத்துவிட்டாள். அந்த இயல் மௌனத்தைப் பற்றியது. இப்போது அதில் மௌனம் இல்லை. என் பேராசிரியரிடம், "சில பகுதிகள் உயிர்பெற்றுவிட்டன, கொஞ்சம் தாமதமாகும்" என்று சொல்லியிருக்கிறேன். அவர் மகிழ்ந்தார்.

நோய்க்குக் காரணம் எங்களுக்குத் தெரியவில்லை. தெரியாமல் போனதற்கு ஒரு காரணம் இருந்தது, அதைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம். பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும், பால் ஊறப் பால் கொடுக்க வேண்டும் என்று மாமா முடிவு செய்து, அலுவலகம் கிளம்பும் முன் ஒரு கிண்ணம் பாலில் வெண்ணெய் போட்டு வைத்திருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை, சொன்னால் நான் ஏதாவது புத்தகத்திலிருந்து ஆட்சேபம் எடுத்துப் படிப்பேன் என்று பயம். அவர் போனதும் நான் ஒரு கிண்ணம் பால் வைத்தேன், மாமாவிடம் சொல்லவில்லை, பால் ஏன் சீக்கிரம் தீர்கிறது என்று கேட்பார். மாடிவீட்டுக் கணக்கு சார், ஓய்வுபெற்ற பிறகு யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுக்கத் துடிக்கும் மனிதர், பாலில் முட்டை மஞ்சள் கருவை அடித்துப் பின்படியில் வைத்திருக்கிறார். கீழ்வீட்டுத் தையலம்மா தன் பங்குக்கு மீன் தலை, அதற்குமேல் ஒரு டம்ளர் பால், "பாவம், மேல இருக்கிற ஆம்பளைங்களுக்கு என்ன தெரியும்" என்ற நல்லெண்ணத்தில். நாங்கள் நால்வரும் மாடிப்படியில் சந்தித்துக்கொள்ளும்போதெல்லாம், "பாவம், ஒன்னும் சாப்பிட மாட்டேங்குது" என்று ஒருவருக்கொருவர் வருத்தம் தெரிவித்துக்கொண்டோம். மேனேஜர் ஒவ்வொரு வாசலிலும் பிறந்ததிலிருந்து சோறே காணாதவளின் முகத்தோடு போய் நின்றிருக்கிறாள்.

பிறகு உண்மையாகவே சாப்பிடாமல் போனாள்.

வீடு நாறியது. என் செருப்பு, மாமாவின் அலுவலகப் பை, நீ ஆசையாக வாங்கிய அந்தப் பச்சை மிதியடி. மிதியடியைப் பற்றி இப்போது அதிகம் பேச வேண்டாம். அவள் பெட்டியை விட்டு இறங்கிக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் இழுத்து வந்து குட்டிகளிடம் விட்டேன். போனாள். மறுபடி இழுத்தேன். "என்ன தாய் நீ!" என்று ஒருமுறை சத்தமாகவே கேட்டேன். அவள் என்னைப் பார்த்துக் கண்ணை மெதுவாக மூடிக்கொண்டாள்.

மாமா தன் குழந்தைக்கென்று முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த வயிற்றுவலிச் சொட்டு மருந்தைத் திறந்தார். "குழந்தைக்கே ஆகும்னா பூனைக்கு ஆகாதா?" என்றார். கணக்கு சார் பூனையின் எடையைக் குழந்தையின் எடையால் வகுத்துக் காகிதத்தில் சொட்டுகளின் எண்ணிக்கையைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். அளவுநாடாவைக் கழுத்தில் போட்டபடி மேலே வந்த தையலம்மா அந்தச் சிறு புட்டியை மாமாவின் கையிலிருந்து பறித்தார்.

"நாலு குட்டியும் இவ பாலைத்தான் குடிக்குது. என்னத்தையாவது ஊத்தி அஞ்சையும் சேர்த்துக் கொன்னுடாதீங்க சார். கிளம்புங்க, டாக்டர்கிட்ட போலாம்."

"யாரு போறது?" என்றார் மாமா.

"எல்லாரும்தான். தனியா அனுப்பினா நீங்க பாதிதான் சொல்லுவீங்க."

மேனேஜர் நிராகரித்த அதே துணிக்கூடையில் ஐந்து பேரையும் ஏற்றினோம். கால்நடை மருத்துவமனையில் எங்களுக்கு முன்னால் ஒரு நாய், காலில் கட்டு. அதன் சொந்தக்காரர் எங்களை எண்ணிப் பார்த்தார். "ஒரு பூனைக்கு நாலு பேரா?" என்றார். "வாத்தியார் ரெண்டாவது கருத்து சொல்றதுக்கு வந்திருக்கார்" என்றார் மாமா. கணக்கு சார் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

மருத்துவர் ஒரு பெண்மணி. கண்ணாடி தலைமேல் இருந்தது, கண்ணுக்கு இறங்கவே இல்லை. பூனையைத் தொடுவதற்கு முன் எங்களைத்தான் பரிசோதித்தார்.

"என்ன குடுத்தீங்க?"

"ஒன்னும் குடுக்கல மேடம். சாப்பிடவே மாட்டேங்குது" என்றேன்.

"ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

ஆண்கள் மூவரும் கூடைக்குள் எட்டிப் பார்த்தோம். கடைசியில் தையலம்மா, "மீன் தலை. கொஞ்சம் பால்" என்றார். மாமா திடுக்கிட்டுத் திரும்பி, "நீங்களுமா?" என்றார். அந்த 'உம்' எங்கள் நால்வரையும் காட்டிக்கொடுத்தது. வெண்ணெய் வெளியே வந்தது. மஞ்சள் கரு வெளியே வந்தது. என் கிண்ணமும் வந்தது.

"இவ்வளவு பாலா? எதுக்கு?"

"பால் ஊறணும்னு..." என்றார் மாமா.

"பசுமாடு பால் குடிச்சா சார் பால் கறக்குது?"

கணக்கு சார் ஏதோ சொல்ல வந்து, கூரையில் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார்.

வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காதாம். இது உலகத்துக்கே தெரியுமாம். "குட்டிங்க கழிக்கிறத எல்லாம் இவதான் நக்கி விழுங்கிச் சுத்தம் பண்றா. இவ வயிறு ஏற்கனவே நாலு பேருக்கு வேலை பாக்குது. அதுக்கு மேல நீங்க நாலு பேர்" என்றார். தோலுக்கடியில் ஊசியால் நீர் ஏற்றினார். உப்பில்லாமல் வேகவைத்த கோழி, கொஞ்சம் கொஞ்சமாக. நிறையத் தண்ணீர். வேறு எதுவும் கூடாது.

"குட்டிங்க பிழைக்குமா மேடம்?" என்றேன்.

"மஞ்சள் குட்டி சின்னதா இருக்கே" என்றார் மாமா.

"குட்டிங்களுக்குப் பால் பத்துமா?" என்றார் கணக்கு சார்.

மருத்துவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"குட்டிங்க நல்லாத்தான் இருக்கு. உள்ள வந்ததுலேர்ந்து குட்டி, குட்டி, பால், பால். இது பால் புட்டி இல்ல சார். இதுக்கு எங்க வலிக்குதுன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

அப்படிச் சொல்லிவிட்டு, மேனேஜரின் அடிவயிற்றில் இரண்டு விரல்களை வைத்து மெதுவாக அழுத்தினார். அவளிடமிருந்து ஓர் ஒலி வந்தது. உன் வீட்டில் இத்தனை மாதமாக இருக்கிறேன், அந்த ஒலியைக் கேட்டதில்லை. சத்தம் போட்டு அழுவதல்ல. பல நாளாக யாரும் கேட்காத ஒன்றுக்குப் பதில் போல.

"இனிமே ஒரே ஒருத்தர் கையாலதான் சாப்பாடு. வீட்ல சும்மா இருக்கிறது யாரு?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஆய்வேட்டை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு நான்தான். காலையும் மதியமும் மாலையும் கோழியைப் பிய்த்து வைத்துவிட்டு அருகில் உட்கார்ந்திருக்கிறேன். வேறு வேலை இல்லாததால் பார்க்கிறேன்.

ஒரு மதியம். பெட்டியை விட்டு வெளியே வந்தாள். குளியலறை வாசலில், ஈரம் உலராத தரையில், குட்டிகளுக்கு முதுகைக் காட்டிப் படுத்தாள். குட்டிகள் அழுதன. இழுத்துவர நான் எழுந்தேன். பிறகு உட்கார்ந்தேன். அழுகை கூடியது. அவள் காது மட்டும் பின்னால் திரும்பியது, உடம்பு திரும்பவில்லை. அவள் ஓடிப்போகவில்லை, அக்கா. கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். குளிர்ந்த தரை கொஞ்சநேரம் அவளுக்கு வேண்டியிருந்தது. அவ்வளவுதான். நாங்கள் அதைக்கூட விடவில்லை.

பிறகு தானே எழுந்து, சோம்பல் முறித்து, பெட்டிக்குள் போனாள். நான்கு வாய்களும் அடங்கின.

வயிறு இப்போது பரவாயில்லை. பால் வருகிறது. மஞ்சள் குட்டி மற்ற மூன்றையும் மிதித்துக்கொண்டு முன்னால் போகிறது. மூன்றாம் இயலைக் காப்பாற்ற முடியாது.

நேற்று மாமா அலுவலகத்திலிருந்து வந்ததும் உனக்கு அனுப்பப் பெட்டி கட்டினார். சத்துமாவு டின்கள், பேரீச்சம்பழம், பால் ஊறுவதற்கென்று மருந்துக்கடைக்காரர் புகழ்ந்த ஏதோ ஒரு தூள். கணக்கு சார் பாதாம் கொடுத்திருந்தார். தையலம்மா ஒரு சீசா நெய். கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போடும்போது மாமாவின் கை நின்றது.

"மாப்ள."

"சொல்லுங்க மாமா."

"நான் தினமும் போன் பண்றேன் இல்ல? குழந்தை எத்தனை தடவ குடிச்சுது, எவ்வளவு நேரம் தூங்குச்சு, கேக்கிறேன். அவளைப் பத்தி என்ன கேட்டேன்னு யோசிச்சா ஒன்னுமே ஞாபகத்துக்கு வரல."

என் கதையும் அதேதான். போனில் நீ வருகிறாய். "நல்லா இருக்கேன்" என்கிறாய். வகுப்பில் வருகைப் பதிவுக்கு 'உள்ளேன் ஐயா' சொல்கிற குரலில். நாங்களும் வருகையைப் பதிந்துகொண்டு குழந்தையிடம் போய்விடுகிறோம். போன வாரம் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினாய். "இப்பல்லாம் எனக்கு..." என்றாய். குழந்தை தும்மியது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்த வாக்கியம் எங்கே போய் முடிந்தது என்று தெரியவில்லை.

மாமா முடிச்சை அவிழ்த்து, டின்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். "கேட்டுட்டு அனுப்பலாம்" என்றார். அவருடைய முகம் அவ்வளவு சின்னதாகி நான் பார்த்ததில்லை.

இதுதான் விஷயம். இவ்வளவு எழுதியது இதைக் கேட்கத்தான். அக்கா, உனக்கு எங்கே வலிக்கிறது? சாப்பிட முடிகிறதா? தூங்கவிடுகிறார்களா? அந்த வாக்கியத்தை முடித்து எழுது. மோசமான வாக்கியமாக இருந்தாலும் பரவாயில்லை.

நேரில் வந்து கேட்கலாம்தான். ஆனால் ஒரே கை என்று மருத்துவர் சொல்லிவிட்டார், அந்தக் கை என்னுடையது. நான் நகர முடியாது. பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அம்மாவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். அப்பாவை அம்மா சொல்வதைக் கேட்கச் சொல். குழந்தை நூறாண்டு வாழட்டும். அதைப் பெற்றவளும் அப்படியே.

என்றும் உன்,
தம்பி

பி.கு.: மேலே இருப்பது எதையும் நீ படிக்கப்போவதில்லை. உறையின்மேல் முகவரி எழுதும்போதுதான் புத்தி வந்தது. இது அங்கே வந்தால் அம்மா வாசலிலேயே பிரிப்பாள். எல்லோரையும் உட்காரவைத்துச் சத்தமாகப் படிப்பாள். பூனைக்கு வயிறு போன இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். உனக்கு எங்கே வலிக்கிறது என்ற இடத்தில் எல்லோரும் உன்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நீ "நல்லா இருக்கேன்" என்பாய். வேறு என்ன சொல்ல முடியும்? ஆகவே இதை அஞ்சலில் போடவில்லை. நாளைக் காலை வண்டிக்கு மாமாவும் நானும் கிளம்புகிறோம். கோழி வேலையைத் தையலம்மாவிடம் ஒப்படைத்துவிட்டேன். "சும்மா இருக்கிற கைதான் தம்பி அதிகமா ஊத்தும். எனக்கு மூச்சுவிட நேரமில்ல, நான்தான் பொருத்தம்" என்றார். குழந்தையைப் பார்க்க வருவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறோம், நம்பிவிட்டாள். வந்ததும் குழந்தையை நான் வாங்கிக்கொள்கிறேன். அழுதால் அழட்டும், என் தோளில் அழட்டும். நீ மாமாவை அழைத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போ. அவரிடமும் பேசத் தோன்றவில்லை என்றால் தனியாகப் போ. படிக்கட்டில் நான் நிற்கிறேன். எவ்வளவு நேரம் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.