பொந்துக்குள் வடிவு, மேடையில் மருதப்பன்

ஒரு காட்டில் ராஜா கிடையாது, மந்திரி கிடையாது. ஆனால் வாட்ஸ்அப் குழு மட்டும் ஏகப்பட்டது இருந்தது. அந்தக் காட்டில் மருதப்பன் என்றோர் இருவாச்சிப் பறவை, மனைவி வடிவோடு ஒரு பெரிய மரத்தில் குடியிருந்தான். இருவாச்சியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: மூக்குக்கு மேல் இன்னொரு மூக்கை வைத்துத் தைத்த மாதிரி அலகு இருக்கும். பறந்தால் மேட்டில் பஸ் ஏறுகிற மாதிரி இறக்கை சத்தம் போடும்.

மருதப்பன் நல்லவன். அவனிடம் ஒரே ஒரு பழக்கம்தான் உண்டு. அடுத்தவர் பேசத் தொடங்கினால் மீதியை அவனே பேசி முடித்துவிடுவான். கல்யாணமான புதிதில் வடிவுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. மனசில் இருப்பதைச் சொல்லாமலே புரிந்துகொள்கிற புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று தங்கச்சியிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அவன் முடித்துவைத்ததில் பாதி தப்பு என்பது போகப்போகத்தான் தெரிந்தது.

ஒரு மழைக்காலத்தில் வடிவின் அலகு நடுங்க ஆரம்பித்தது. பேச்சு மெலிந்தது. கிளை நுனிக்குப் போனால் கால் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுவாள். இருவரும் ஆமை வைத்தியரிடம் போய் டோக்கன் வாங்கி உட்கார்ந்தார்கள். ஆமை நிதானமாகப் பார்க்கிறவர் என்பதால், வயிற்றுவலிக்கு வந்த பாதிப் பேர் தங்கள் முறை வருவதற்குள் தானாகவே சரியாகி வீட்டுக்குப் போய்விடுவது அங்கே வழக்கம்.

"எவ்வளவு நாளா நடுங்குது?" என்று ஆமை வடிவைப் பார்த்துக் கேட்டார்.

"மழைக்கு முன்னாடி இருந்தே டாக்டர்," என்றான் மருதப்பன்.

"ராத்திரி தூக்கம்?"

"தூங்குதா, தூங்குதா."

"மலச்சிக்கல்?"

"அது எனக்குத் தெரியாம இருக்குமா? இருக்கு."

ஆமை கழுத்தை ஒரு முறை உள்ளே இழுத்து வெளியே நீட்டினார். "இது நடுக்குவாதம். பார்க்கின்சன்னு சொல்லுவாங்க. அடியோட போகாது. ஆனா கூடவே வச்சுக்கிட்டு நல்லா வாழலாம். மாத்திரையை நேரம் தவறாமப் போடணும், நடமாடணும், சத்தமாப் பேசணும். ஆத்தங்கரை நாவல் மரத்தடியில சனிக்கிழமை தோறும் இதுக்குன்னு ஒரு குழு கூடுது. ரெண்டு பேரும் போங்க. அம்மாவைப் பேச விடுங்க."

"நான் பேசிக்கிடுதேன் டாக்டர்," என்றான் மருதப்பன்.

அந்தக் குழுவை நடத்தியவர் காந்திமதி டீச்சர் என்கிற கருமந்தி. அவருடைய கணவருக்கும் இதே நோய் இருந்தது. கணவர் காலமான பிறகும் டீச்சர் குழுவை விடவில்லை. 'தள்ளாடாத் தோழர்கள்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். உறுப்பினர்கள் அத்தனை பேரும் தள்ளாடுகிறவர்கள். பெயரை வாசிக்கும்போதெல்லாம் அவர்களே சிரித்துக்கொள்வார்கள்.

சிரிப்பு அங்கே தாராளமாக இருந்தது. மாத்திரை வேலை செய்கிற நேரத்தை 'கரண்ட் இருக்கு' என்பார்கள், தீர்ந்துவிட்டால் 'கரண்ட் போயிட்டு' என்பார்கள். ஏகாம்பரம் என்ற யானைக்கு நடுக்கமெல்லாம் தும்பிக்கையில். "சும்மா நின்னாக்கூட இது மேலயும் கீழயும் ஆடுது. மான்குட்டிங்க எல்லாம் ஆசீர்வாதம்னு நெனச்சு வரிசையில வந்து நிக்குதுங்க. இல்லைன்னு சொல்ல எனக்கும் மனசு வரலை," என்பார். இதைச் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு சுக்குக் காப்பி ஆறுகிற நேரம் பிடிக்கும். எல்லோரும் காத்திருப்பார்கள். முகம் இறுகிப்போன நோயாளிகளுக்குச் சிரிப்பு முகத்தில் வராது. வயிறு மட்டும் குலுங்கும்.

முதல் நாள் டீச்சர் வடிவிடம், "உங்களைப் பத்திச் சொல்லுங்கம்மா," என்றார்.

வடிவு அலகைத் திறந்தாள். "எனக்கு..."

"எனக்குக் கூச்சமா இருக்குன்னு சொல்லுதா," என்ற மருதப்பன், எழுந்து நின்று அவள் கதை முழுவதையும் சொன்னான். அவள் விழப் போனது, இவன் தாங்கியது, பழத்தை நசுக்கி ஊட்டியது, மாத்திரைக்காகக் குயிலிடம் சொல்லிவைத்து நேரத்துக்குக் கூவ வைத்தது. கூட வந்திருந்த மனைவிமாரும் பிள்ளைகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இப்படியொரு புருஷனா என்று ஒரு முள்ளம்பன்றி அம்மாள் தன் வீட்டுக்காரரை முறைத்தாள்.

மருதப்பனுக்கு அன்று இறக்கையில் புது இறகு முளைத்த மாதிரி இருந்தது. அவனைப் பாராட்டி அதுவரை யாரும் பேசியதில்லை. அடுத்த சனிக்கிழமை எப்போது வரும் என்று அவன் ஏங்கத் தொடங்கியது அன்றிலிருந்துதான். வடிவைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லாமல் இல்லை, நிறையவே இருந்தது. ஆனால் வாரம் அமைதியாகக் கழிந்துவிட்டால் கூட்டத்தில் சொல்ல விஷயம் இருக்காதே என்ற கவலையும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது.

பிறகு வடிவு நிஜமாகவே விழுந்தாள். கிளையிலிருந்து புதரில். அடி பெரிதில்லை. ஆனாலும் மருதப்பன் அன்று ராத்திரி முழுக்க அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

அந்த வாரம் டீச்சர், அவரவர் வீட்டைப் பாதுகாப்பாக வைத்திருப்பது எப்படி என்று பேசினார். வழுக்குகிற பாசியைச் சுரண்டி எடுங்கள், பிடித்துக்கொள்ள ஒரு கொடி கட்டுங்கள் என்றார். மற்றவர்கள் போய்ப் பாசியைச் சுரண்டினார்கள். மருதப்பனுக்கு மட்டும் அதைவிடப் பெரிதாக ஒன்று தோன்றியது.

இருவாச்சி வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் பருவத்தில் பெண் மரப்பொந்துக்குள் போய் உட்காருவாள். வாசலைச் சேறு குழைத்து அடைத்துவிட்டு, அலகு நீளும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விடுவார்கள். ஆண் வெளியே இருந்து பழம் ஊட்டுவான். குஞ்சு வளர்ந்ததும் சுவரை உடைத்துக்கொண்டு அவள் வெளியே வருவாள். பாம்பு வராது, மழை வராது, முக்கியமாக அவள் விழ மாட்டாள். மருதப்பனின் வாழ்க்கையிலேயே நிம்மதியான நாட்கள் அவைதான்.

"மழை ஓயுற வரைக்கும் உள்ள இரு வடிவு. நான் பாத்துக்கிடுதேன்," என்றான்.

"முட்டை..." என்று தொடங்கினாள் வடிவு.

"முட்டை இருந்தாத்தான் இருக்கணும்னு சட்டமா?" என்று முடித்தான் மருதப்பன். விழுந்த வலியில் அவளும் களைத்திருந்தாள். உள்ளே போனாள். அவன் சேறு குழைத்துப் பூசினான்.

மழை ஓய்ந்தது. பனி விழுதே என்று இன்னொரு பூச்சு பூசினான். பனி விலகியதும் வெயில் அதிகம் என்று அதற்கு மேலே ஒன்று பூசினான்.

சனிக்கிழமைக் கூட்டத்துக்கு இப்போது அவன் மட்டும் போனான். ஒரு தடவை ஏகாம்பரம், "வடிவு... எங்க... ஏன் அவங்க..." என்று கேட்கத் தொடங்கினார். "பத்திரமா இருக்கா அண்ணாச்சி. ஒரு தூசு படலை," என்று அவர் கேள்வியையும் மருதப்பனே முடித்துப் பதிலும் சொல்லிவிட்டான். மற்ற பராமரிப்பாளர்கள் அவன் கொடுத்த யோசனைகளை மரப்பட்டையில் குறித்துக்கொண்டார்கள். விரைவிலேயே வந்தது அறிவிப்பு: ஆண்டுவிழாவில் நோயாளிகள் ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் தானே பேச வேண்டும், சிறந்த பராமரிப்பாளருக்குப் பொன்னாடை. பொன்னாடை யாருக்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

அதை வடிவிடம் சொன்னபோது கீறலுக்குள்ளே அவள் கண் மின்னியது.

"நானும்... பேச..."

"உனக்கும் சேத்து நானே பேசிருதேன். நீ அலட்டிக்காதே. இந்தா, அத்திப்பழம்."

அவள் பழத்தை வாங்கிக்கொள்ளவில்லை. கீறலிலிருந்து நகர்ந்து உள்ளே இருட்டுக்குள் போய்விட்டாள். மருதப்பனுக்கு என்னமோ மாதிரி இருந்தது. பசி இல்லை போலும் என்று அதையும் அவனே முடித்துவைத்துக்கொண்டான்.

அதன் பிறகு பொந்துக்குள்ளிருந்து டொக்டொக் என்று ஒரு சத்தம் ஓயாமல் வந்தது. நடுக்கம் கூடிவிட்டது, பாவம், அலகு சுவரில் இடிக்கிறது என்று மனம் வருந்தினான். காலையில் மரத்தடியில் மண் உதிர்ந்து கிடக்கும். கரையான் என்று நினைத்து வெளிப்பக்கம் இன்னும் கொஞ்சம் பூசுவான். கூட்டத்தில் இதையும் சொன்னான். முள்ளம்பன்றி அம்மாள் தேம்பி அழுதாள்.

ஆண்டுவிழா வந்தது. நாவல் மரத்தடியில் காட்டுக்கொடியில் தோரணம் கட்டியிருந்தார்கள். ஏகாம்பரம் தன் ஒரு நிமிடத்தைத் தொடங்கினார். அது முடிவதற்குள் எல்லோரும் ஒரு சுற்று பலகாரம் சாப்பிட்டுவிட்டார்கள். கடைசியில் டீச்சர் தேக்கிலையால் தைத்த பொன்னாடையைக் கையில் எடுத்தார். மருதப்பன் மேடைக்கல்லில் ஏறித் தொண்டையைச் செருமினான்.

"எங்க வடிவு இங்க வர முடியாததால..."

மேட்டில் பஸ் ஏறுகிற சத்தம் கேட்டது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். இறகெல்லாம் காய்ந்த சேறு அப்பியிருக்க, வடிவு கோணலாகப் பறந்து வந்து, இறங்க வேண்டிய கல்லை விட்டுவிட்டு ஏகாம்பரத்தின் முதுகில் பொத்தென்று இறங்கினாள்.

மருதப்பன் அலறிப் பறக்கப் போனான். டீச்சர் அவன் வாலைப் பிடித்து உட்கார வைத்தார். "பொறுங்க."

வடிவு யானையின் முதுகில் நடந்து கழுத்து வரை வந்தாள். அங்கே கால் ஒட்டிக்கொண்டது. ஏகாம்பரம் தும்பிக்கையைப் பின்னால் வளைத்து அவள் காலுக்கு முன்னே குறுக்காக வைத்தார். முன்னால் ஒரு தடை இருந்தால் தாண்டக் கால் தானாக எழும் என்பது அந்த மரத்தடியில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. வடிவு அதைத் தாண்டி யானையின் தலைமேல் போய் நின்றாள்.

"எனக்கு..." என்றாள்.

மருதப்பனின் அலகு திறந்தது. டீச்சர் இரண்டு கையாலும் அதை மூடிப் பிடித்துக்கொண்டார். யாரும் எதையும் முடித்துவைக்கவில்லை. ஆற்றுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒண்ணும் பெருசா இல்லை. என் பேரு வடிவு. அலகு நடுங்கும், அவ்வளவுதான். நிறுத்திப் பாத்தேன், நிக்கலை. சரி, சும்மா ஆடுதது எதுக்குன்னு சுவத்துல கொண்டுபோய் வச்சேன். அதுபாட்டுக்கு இடிச்சுது. என் உடம்புல வேலை நேரம் பாக்காம உழைக்கிறது இது ஒண்ணுதான்."

முன்வரிசை வயிறுகள் குலுங்கத் தொடங்கின.

"இது என் வீட்டுக்காரர். இவியளுக்குத்தான் சீக்கு. என்னைப் பாத்துக்கிடுத சீக்கு. ஆரம்பத்துல லேசாத்தான் இருந்துச்சு. நானும் கவனிக்காம விட்டுட்டேன். இப்ப முத்திப்போச்சு. என்னைக் கண்ணுல காணலைன்னா சேறு பூச ஆரம்பிச்சிருதாவ. தனியா விட முடியலை. இவியளை நான்தான் பாத்துக்கிடுதேன். குழுவுல சேத்துக்கிடுங்க."

டீச்சர் மருதப்பனின் அலகை விட்டுவிட்டுப் போய்ப் பொன்னாடையை வடிவின் தோளில் போர்த்தினார். மருதப்பனுக்கு வெட்கமாக இருந்தது, கோபமாக இருந்தது. அதற்கெல்லாம் அடியில், அவள் பேசிக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று அழுகையாகவும் இருந்தது. அவனும் அழுதான். அன்று அவனைப் பார்த்து யாரும் பாராட்டவில்லை.

மறுவாரமே அவனை நோயாளிகள் வரிசையில் உட்கார வைத்தார்கள். அவனுக்கு டீச்சர் கொடுத்த பயிற்சி ஒன்றே ஒன்று: கேள்வி கேட்ட பிறகு, பதில் வரும்வரை அலகை மூடிக்கொண்டு இருப்பது. கஷ்டமான பயிற்சிதான், ஆனாலும் செய்தான். வடிவு தானே பழம் பறித்தாள், கிளை நுனியில் குச்சி வைத்துத் தாண்டப் பழகினாள், ஆறு தாண்டித் தங்கச்சி வீட்டுக்குக்கூடப் போய் வந்தாள். நடுவில் இரண்டு தடவை விழுந்தாள். எழுந்து, அதையும் கூட்டத்தில் தானே சொன்னாள்.

மருதப்பன்தான் வாடிப்போனான். செய்வதற்கு ஒன்றும் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. எதிர்மலையைப் பார்த்தபடி நாளெல்லாம் உட்கார்ந்திருந்தான். மாத்திரைக்குக் கூவுகிற குயில்கூட இப்போது நேராக வடிவிடம்தான் பேசியது.

ஒரு சாயங்காலம் இருவரும் ஒரே கிளையில் உட்கார்ந்திருந்தார்கள். வடிவுக்குக் கரண்ட் நன்றாக இருந்த நேரம். அலகு நுனியில் ஒரு பழத்தை வைத்துக்கொண்டிருந்தாள். பழம் அசையவே இல்லை. அவள் மருதப்பனின் ஒட்டிய வயிற்றைப் பார்த்தாள், தொங்கிய இறக்கையைப் பார்த்தாள். பிறகு அலகைத் திறந்தாள். பழம் கீழே புதரில் போய் விழுந்தது.

"ஏங்க," என்றாள். "விழுந்துட்டு."

அலகு நடுங்கவில்லை என்பதை மருதப்பன் நன்றாகப் பார்த்திருந்தான். அதைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. மூடிக்கொண்டான். பிறகு காடே திரும்பிப் பார்க்கிற இறக்கைச் சத்தத்தோடு புதரை நோக்கிப் பாய்ந்தான். அன்று ராத்திரி வயிறாரச் சாப்பிட்டான்.

நீதி: உங்களைப் பார்த்துக்கொள்கிறவரின் உடம்பு தேற வேண்டுமானால், அவ்வப்போது எதையாவது கீழே போடுங்கள். கை நடுங்காத நேரமாகப் பார்த்துப் போடுவது உத்தமம்.