அந்தக் கைகள் மதாம் வோக்லேனுடையவை அல்ல

சாவர்னாக்,
நவம்பர் 12, வியாழக்கிழமை

'சாவர்னாக் வாரச் செய்தி' ஆசிரியர் திரு. தெலூஷ் அவர்கள் சமூகத்துக்கு,

சந்தைத் தெருக் கறிக்கடை, காலஞ்சென்ற அமெதே பூசாரின் மனைவி ரொலாந்த் பூசார் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் மனைவியும் மூட்டுவலி குறைந்து சுகமாக இருக்கக் கோருகிறேன். கடிதத்தில் அடுத்தபடியாக எழுதுகிறவரின் சுகத்துக்கு ஒரு வரி ஒதுக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். பதின்மூன்று வயதில் படிப்பை விட்டுக் கல்லாவில் உட்கார்ந்தவளுக்கு அந்த ஒரு பாடம்தான் நினைவிருக்கிறது. அந்த வரியை இந்தத் தடவை எழுதாமல் விட்டிருக்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம்.

விஷயம், தங்கள் பத்திரிகையின் நான்காம் பக்கத்தில் 'ஈரத்துணி' படத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் எழுதிய கருத்துகள்.

பதினொரு பேர் எழுதியதைப் போட்டிருந்தீர்கள். மருந்துக்கடைக்காரருக்கு இரண்டு நாள் ரத்தம் சொட்டும் கறி இறங்கவில்லையாம், ஆனாலும் நாலு நட்சத்திரம். ஓய்வுபெற்ற போலீஸ்காரர், எந்தப் போலீஸ்காரனும் வைக்கோல் கொட்டகைக்குள் தனியாகப் போகமாட்டான் என்று சொல்லி இரண்டு நட்சத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டார். அடுமனை கிஸ்லேன், கொலைகாரர் யாரென்று பத்தாவது நிமிஷத்திலேயே கண்டுபிடித்துவிட்டதாக எழுதியிருக்கிறாள். ஐயா, அவள் என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். பத்தாவது நிமிஷத்தில் குறட்டை. முதல் கழுத்து அறுபட்டபோதுதான் விழித்தாள், அப்போதும் "என்ன, இன்னும் விளம்பரமா ஓடுது?" என்றுதான் கேட்டாள். இதெல்லாம் போகட்டும். அவரவர் வாய், அவரவர் நட்சத்திரம். ஆனால் அந்தப் பதினொரு பேரில் ஏழு பேர் கைகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதியதை நான் கத்தரித்துச் சர்க்கரை டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். 'படத்தின் உயிர் நடிகை ஆர்லெட் வோக்லேனின் கைகள். அந்த விரல்களில் கொடுமையும் தாய்மையும் ஒன்றாக இருக்கின்றன.' அதே பக்கத்தில் அந்த அம்மாளின் பேட்டியையும் போட்டீர்கள். அந்தக் கைகளுக்காக ஆறு மாதம் பயிற்சி எடுத்தாராம்.

ஆறு மாதமாம்! என் வீட்டுக்காரருக்கு நாற்பத்தொரு வருஷம் ஆயிற்று, ஐயா. அவை அவருடைய கைகள்.

படம் பார்க்காதவர்கள் என்னை மன்னிக்கட்டும். நம் ஊரில் பார்க்காதவர் பாதிரியார் ஒருவர்தான், அவரும் பக்கத்து ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகக் கேள்வி. கதை தங்களுக்குத் தெரியும். பாரிஸிலிருந்து ஐந்து பிள்ளைகள் ஒரு பண்ணைவீட்டை வாடகைக்கு எடுக்கிறார்கள். தலையணை உறையை முகத்தில் மாட்டிக்கொண்டு ஒரு ஆள் ஒவ்வொருவராக வெட்டுகிறான். கடைசிவரைக்கும் நாம் பார்ப்பது அந்த ஆளின் கைகளை மட்டும். கடைசியில் உறையைப் பிடுங்கினால், தினமும் அந்தப் பிள்ளைகளுக்கு சூப் வைத்துக் கொடுத்துத் துணி துவைத்துப் போட்ட அம்மாள்! அரங்கமே வாயைப் பிளந்தது. அதுதான் திருப்பம். ஆணின் கை என்று பார்த்தால் ஆணாகவும், பெண்ணின் கை என்று தெரிந்தபின் பெண்ணாகவும் தெரிகிற கைகளுக்கு அவர்கள் எங்கே போவார்கள்? எங்கள் கடைக்கு வந்தார்கள்.

என் வீட்டுக்காரரின் கைகள் சின்னவை, தங்களுக்கே ஞாபகம் இருக்கும். நாளெல்லாம் குளிர்ந்த கொழுப்பில் கிடந்து வெளுத்து, விரல் கணுவெல்லாம் பூரித்திருக்கும். தொழில் பழகிய நாளில் கூட இருந்த பையன்கள் 'கல்யாணப் பொண்ணு கை' என்று கேலி பண்ணினார்களாம். போன வருஷம் ஜூலையில் படக்காரர்கள் வந்து, பன்றிக் குடலும் ரத்தமும் வேண்டும் என்று கேட்டார்கள். இவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். ஒரு நாள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதற்குப் பன்னிரண்டு நாள் போனார். மூன்றாவது நாள் வந்து மேஜையில் உட்கார்ந்தவரின் கையைப் பார்த்தேன்.

"என்னய்யா இது, கையில இருந்த முடியெல்லாம் எங்க?"

"சூடு பட்டுப் பொசுங்கிருச்சு, கிழவி."

"ரெண்டு கையிலயுமா? முழங்கை வரைக்கும் கோடு போட்ட மாதிரியா?"

"பெரிய சூடு."

"மோதிரமும் பொசுங்கிருச்சா?"

"அது பையில இருக்கு. சூப்பை ஊத்து."

வாதாம் எண்ணெய் வாசம் அடித்தது, ஐயா. கல்யாணமான முப்பத்தெட்டு வருஷமாகப் பூண்டும் பன்றிக்கொழுப்பும் மணந்த மனுஷன், வாதாம் எண்ணெய் மணக்கிறார். நகத்தை யாரோ பிறை மாதிரி வெட்டி விட்டிருந்தார்கள். மறுநாள் காலையில் படக்காரர்களின் ஒப்பனைப் பெண் ஒருத்தி, சிரித்தால் கன்னத்தில் குழி விழுகிறவள், கடைக்கே வந்து நிற்கிறாள். "மதாம், உங்க வீட்டுக்காரர் கை இருக்கே, வெண்ணெய்! தொட்டா விட மனசு வராது!" என்கிறாள். கல்லாவில் நான். கூட்டத்தில் கிஸ்லேன். அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு நான் வெட்டிக்கொடுத்த தொடைத்துண்டை அவள் இன்னும் மென்றுகொண்டிருப்பாள்.

அன்றைக்குச் சாயங்காலமே அவருடைய தலையணையை சரக்கறைக்கு மேல் இருக்கிற அறையில் போட்டேன். "சொல்லுய்யா, யாரு?"ன்னு கேட்டேன். "சொல்லக்கூடாது, எழுதிக் கொடுத்திருக்கேன்"னு சொன்னார். எந்த ஊரில் ஐயா கள்ளத்தொடர்புக்குக் கையெழுத்து போட்டுக் கொடுக்கிறார்கள்? அதுகூட எனக்கு உறைக்கலை. தங்களுக்குத் தெரியும், நம் பக்கத்துக் கறிக்கடைக்காரன் எவனும் குடலில் ரத்தம் அடைத்துச் செய்கிற ரத்தக்குடலுக்கான மசாலாவைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லமாட்டான். அப்பன் சாகும்போது மகன் காதில் சொல்வான், அவ்வளவுதான். எங்களுக்கு மகன் இல்லை. மசாலா அரைக்கிற அன்றைக்கு இவர் கதவைச் சாத்திக்கொள்வார், நான் வெளியே நின்று மூக்கால் கண்டுபிடிக்கப் பார்ப்பேன், ஜாதிக்காய்க்கு மேலே போக முடியலை. இப்படிப்பட்ட மனுஷனிடம் படக்காரர்கள் வந்து, 'கொலைகாரி ஒரு பெண் என்பதை யாரிடமும் சொல்லாதே, மனைவியிடம்கூட' என்று சொல்லியிருக்கிறார்கள். ஆட்டுக்குத் தழை வைத்த மாதிரிதான். வாயை மூடினவர் மூடினவர்தான். நானானால் ஒவ்வொரு நாளும் அந்தக் கன்னக்குழியைத் திட்டிக்கொண்டு சோறு போட்டேன். "அடுத்த வருஷம் ஒரு நாள் உன்னை சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போறேன் கிழவி, அப்ப நீயே சிரிப்ப"ன்னு ஒரு தடவை சொன்னார். "அவளையே கூட்டிட்டுப் போ, அவளுக்குத்தான் சிரிச்சா நல்லாருக்கும்"னு சொன்னேன்.

அக்டோபரில் குளிர் ஏறினதும் கீழே வந்து படுக்கச் சொன்னேன். குளிருக்காக என்று சொல்லித்தான் கூப்பிட்டேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்லலை, சூப்புக்கு வைத்த பானை மாதிரி அதை அடுப்பிலேயே வைத்திருந்தேன், இன்னும் கொஞ்சம் வேகட்டும் என்று. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது, வறுக்கிற இறைச்சிக்கு நூல் கட்டிக்கொண்டே சாய்ந்துவிட்டார். நூல் கையில் சுற்றியபடியே இருந்தது. நான்தான் அவிழ்த்தேன்.

இந்த அக்டோபரில் படம் வந்தது. கிஸ்லேன்தான், "வா ரொலாந்த், பத்து மாசமா வீட்டுக்குள்ளயே கெடக்கிற, நாலு பேர் சாகறதைப் பார்த்தா உனக்கும் ஆறுதலா இருக்கும்"னு இழுத்துக்கொண்டு போனாள். முதல் பையனை மேஜையில் கிடத்துகிறார்கள். அந்தக் கை வருகிறது. கத்தி வைப்பதற்கு முன்னால் புறங்கையால் தோளில் இரண்டு தட்டு தட்டுகிறது. ஐயா, அது கறிக்குள் குளிர் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கிற தட்டு! எந்த மாட்டுத் தொடை வந்தாலும் அவர் அப்படித்தான் தட்டுவார். ராத்திரி படுத்ததும் என் தோளிலும் அப்படித்தான். அப்புறம் அந்தப் பையனை நூலால் கட்டுகிறது கை, சுண்டுவிரலைக் கண்ணிக்குள் விட்டு, இழுத்து, சுண்டி. எழுந்து நின்று, "அமெதே!"ன்னு கத்திட்டேன். பின்னாலிருந்த மூன்று பேர் நான் கொலைகாரனைப் பார்த்துவிட்டதாக நினைத்து அவர்களும் கத்தினார்கள். படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார்கள். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"அது என் வீட்டுக்காரர் கை!"

"ஆமா ஆமா, உட்காரு ரொலாந்த்"னு கிஸ்லேன் என் முதுகைத் தடவுகிறாள். "துக்கம் அப்படித்தான். என் வீட்டுக்காரர் போன புதுசுல, எனக்கு அவர் வானிலை அறிக்கையில தெரிஞ்சார். மழை வரும்னு சொன்னார். வந்துச்சு."

யாரும் நம்பலை, ஐயா. பதினொரு பேரில், முன்னே கசாப்புச்சாலையில் வேலை பார்த்த மொரிஸ் ஒருத்தர்தான் கிட்டத்தில் வந்தார். 'ரத்தம் போலி, நிஜ ரத்தம் என்றால் கொஞ்சம் காடி விட்டுக் கலக்காவிட்டால் அதற்குள் உறைந்திருக்கும், ஆனால் தோள்பட்டையைக் கழற்றின விதம் தொழில் தெரிந்த கை' என்று எழுதினார். நான் அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். "தொழில் தெரிஞ்ச கைதான் மதாம். நடிகைக்கு யாரோ நல்லாச் சொல்லிக்கொடுத்திருக்காங்க"ன்னு சொல்லிக் கதவைச் சாத்தினார். படக் கம்பெனிக்கு எழுதினேன். பதிலுக்கு ஒரு புகைப்படம் வந்தது. மதாம் வோக்லேன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சிரிக்கிறார். கீழே, 'ரொலாந்துக்கு, இந்தக் கைகளால் அன்புடன்' என்று கையெழுத்து. அந்தக் கைகளை நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நீள நீளமாக, கோழிக்கால் மாதிரி. அந்த விரலை எந்த நூல்கண்ணிக்குள் விடுவது?

வீட்டுக்காரரைப் பறிகொடுத்தேன், ஐயா. மசாலாவை மண்ணுக்குள் கொண்டுபோய்விட்டார், கடையைச் சாத்தினேன். மிச்சம் இருக்கிறது திரையில் ஓடுகிற அந்த இரண்டு கைகள்தான். அதையும் பாரிஸ்காரி ஒருத்தி கொண்டுபோகிறாள், நம் ஊரே நட்சத்திரம் வைத்து அனுப்பி வைக்கிறது. எனக்குப் பொறாமைதான். ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது. முன்னே அந்தக் கன்னக்குழி மேல் பொறாமை, அது வீண். இப்போது இந்த அம்மாள் மேல், இது வீண் இல்லை.

ஆகவே தங்களிடம் கேட்டுக்கொள்வது. வரும் இதழில் நான்காம் பக்கத்தில், கட்டம் கட்டி, கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் இதைப் போட வேண்டும்: 'ஈரத்துணி படத்தில் வரும் கைகள் சந்தைத் தெருக் கறிக்கடை அமெதே பூசாருடையவை. அவர் தன் மனைவிக்கு உண்மையானவர்.' இரண்டாவது வரியை இடம் போதவில்லை என்று வெட்டிவிடாதீர்கள். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் முதல் வரியை வெட்டுங்கள்.

தங்கள் அச்சுக்கூடமும் தங்கள் குடும்பமும் ஒரு குறையுமில்லாமல் தழைக்கட்டும். பன்றிக்கழுத்து வாங்க வியாழக்கிழமை தவறாமல் வந்த தங்கள் மனைவிக்கு என் அன்பைச் சொல்லவும். இந்தக் குறையைத் தீர்த்து வைத்தால் ஆண்டவர் தங்கள் மூட்டுகளைக் காப்பார் என்ற நம்பிக்கையோடு,

விதவை ரொலாந்த் பூசார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் இன்று மதியக் காட்சிக்கு இன்னொரு தடவை போனேன், எட்டாவது தடவை. முன்வரிசையில் எனக்குத் தெரியாத இரண்டு பெண்கள். நூல் கட்டுகிற இடம் வந்ததும் ஒருத்தி பெருமூச்சு விட்டு, "இந்தக் கை ஒரு ஆம்பளைக்கு இருந்திருந்தா, நான் எங்க வீட்டு ஆளை விட்டுட்டு அது பின்னாலயே போயிருப்பேன்டீ"ன்னாள். மற்றவள், "முதல்ல நான்"னாள். அவங்க காதுகிட்டப் போய், "அது ஆம்பளை கைதான், என் வீட்டுக்காரர் கை"ன்னு சொல்ல வாயைத் திறந்தேன், ஐயா. அப்புறம் மூடிக்கிட்டேன். ஆகவே மேலே எழுதினது எதையும் போட வேண்டாம், கிழித்து அடுப்பில் போடவும். பெண் கை என்றே எல்லாரும் நினைக்கட்டும். அந்த அம்மாள் ஆறு மாதம் இல்லை, ஆறு வருஷம் பயிற்சி எடுத்ததாகவே சொல்லிக்கொள்ளட்டும். கருத்துப் பக்கத்தில் இடம் இருந்தால் இதை மட்டும் போடவும்:

'ரொலாந்த் பூசார், சந்தைத் தெரு. நல்ல படம். திருப்பத்தைக் கடைசிவரைக்கும் நான் கண்டுபிடிக்கவில்லை. ஐந்து நட்சத்திரம்.'